காற்று திருப்பிப் போட்ட டிஷ்

நேற்று சாயங்காலம் காற்று அடித்தது. சித்திரையில் இந்த ஊரில் அடிக்குமே, மழைக்கு முன்னால் மண்ணை வாரி வாயில் போடுகிற காற்று, அதுதான். ஜன்னலைச் சாத்தினேன், கொடித் துணியை எடுத்தேன். மொட்டைமாடியில் தகரம் சிமெண்ட் தரையில் உரசி இழுபடுகிற சத்தம் கேட்டது. டிவியில் பேசிக்கொண்டிருந்த பெண் திறந்த வாயோடு கட்டம் கட்டமாக உடைந்து நின்றாள். அப்புறம் சிக்னல் இல்லை என்று எழுத்து வந்தது.

பழக்கதோஷம், போய் டிவி முன்னால் நின்றுகொண்டேன். மாடியிலிருந்து உங்கள் குரல் வரவேண்டும், நான் பதில் சொல்லவேண்டும். கொஞ்ச நேரம் அப்படியே நின்றிருந்தேன் போலிருக்கிறது. பாப்பா வந்து ரிமோட்டை வாங்கி அணைத்துவிட்டுப் போனாள்.

ஐப்பசியில் ஒருநாள் ஃபாக்டரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், அத்தோடு சரி. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. இதை வேறு யாரிடம் சொல்வேன்? கும்பகோணத்திலிருந்து காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ரயிலேறினார்கள். சமைக்கிறேன், ஸ்கூல் ஆபீசுக்குப் போகிறேன், வருகிறேன். உள்ளே ஒன்றும் இல்லை.

இந்த வீட்டில் டிஷ் வந்ததே என் தொல்லையால்தான். தெலுங்கு ஊரான இந்த மாரெட்பள்ளியில் கேபிள்காரர் தமிழ் சேனல் என்று கொடுத்தது ஒன்றோ இரண்டோ, அதுவும் பாதி நாள் புள்ளி புள்ளியாக. பாப்பா தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தாள். "தமிழ் காதுலயாவது விழட்டும்" என்று நான் பிடித்த பிடியில் வாங்கி வந்தீர்கள். அது நாச்சாரம் பக்கம் பார்த்து நிற்கவேண்டும். "பாத்தியா, என் ஃபாக்டரியப் பாத்து நின்னாத்தான் உன் சீரியல் ஓடும்" என்பீர்கள். பெரிய நகைச்சுவை என்று நினைப்பு. வருஷா வருஷம் சொன்னீர்கள்.

வருஷா வருஷம் காற்றும் வந்தது. நீங்கள் மாடியில், நான் டிவி முன்னால், நடுவில் படிக்கட்டில் மேல் வீட்டு ஆண்ட்டி. "போன்ல பேசலாமே டாடி" என்று பாப்பா கேட்டதற்கு, "ஒரு கையில போனு, ஒரு கையில டிஷ்ஷா?" என்று ஏறிவிட்டீர்கள். "இப்ப வருதா?" என்று நீங்கள் கத்த, நான் "வரலை" என்று கத்த, ஆண்ட்டி அதைத் தெலுங்காக்கி "ராலேதட்ட அன்னய்யா!" என்று மேலே அனுப்புவார். உங்களுக்கு நான் சொன்னதே கேட்டிருக்கும். இருந்தாலும் ஆண்ட்டி சொன்ன பிறகுதான் திருப்புவீர்கள். மரியாதையாம்.

ஒருதடவை வெகுநேரம் ஆகியும் வரவில்லை. நான் வரலை என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. ஆண்ட்டி வீட்டுக்குள்ளிருந்து அவர் கணவர் கிரிக்கெட் போச்சு என்று சத்தம் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். மாடியில் இருட்டு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டிஷ், ஒரே மாதிரி. காற்றில் அசையாமல் ஒழுங்காக நின்றிருந்த அவர்களுடையதை நீங்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தீர்கள். ஆண்ட்டி படிக்கட்டில் நின்று நமக்காகக் கத்த, அவர் வீட்டு டிவியையே கெடுத்துவிட்டீர்கள். நான் சிரித்த சிரிப்பில் வயிறு வலித்தது. நீங்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு முதலில் அவர்களுடையதைச் சரிசெய்தீர்கள், அப்புறம் நம்முடையதை. இதை எழுதும்போதும் சிரிப்பு வரவில்லை. வரவேண்டிய இடம் என்று மட்டும் தெரிகிறது.

ஆண்ட்டியுடையது அசையாததற்குக் காரணம் உண்டு. அதன் காலை மாடிச் சுவரில் துளைபோட்டு போல்ட் முடுக்கியிருந்தார்கள். நம்முடையது ஒரு சிமெண்ட் பலகையில் நின்றது, மேலே நாலைந்து செங்கல். வீட்டுக்காரர் தடை சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். "அடுத்த வருஷம் ஊருக்கே போயிடப்போறோம், எதுக்குங்க ஓட்டை?" என்றேன். அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை. நீங்கள் இங்கேயே இருக்கலாம் என்பீர்கள், நான் போகலாம் என்பேன், முடிவாகாமல் செங்கல் மட்டும் கூடிக்கொண்டிருந்தது.

இப்போது கும்பகோணத்துக்கே வரச்சொல்லி என் அண்ணன் தினமும் போன் செய்கிறார். "பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள முடிவைச் சொல்லும்மா, மாடி போர்ஷனை யாருக்கும் விடாம வெச்சிருக்கேன்" என்கிறார். பாப்பா, "நக்கோ மா, நான் வரமாட்டேன்" என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். இத்தனை வருஷம் கேட்டது கையில் வந்திருக்கிறது. போகவேண்டும் என்றும் தோன்றவில்லை, இருக்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. பார்க்கலாம் அண்ணா, பார்க்கலாம் என்று நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

இன்று ஆண்ட்டி டிஷ்காரரைக் கூப்பிட்டுவிட்டார். நானும் மாடிக்குப் போனேன். பலகையோடு மல்லாந்து கிடந்தது. ஓரம் நசுங்கி, கால் வளைந்து போயிருந்தது. அவர் புதுக்கால் எடுத்து வைத்துக்கொண்டு தெலுங்கில் கேட்டார், "பர்மனென்ட்டுகா பெட்டாலா அம்மா? லேகபோதே காளி சேசேஸ்தாரா?" நிரந்தரமாகப் போடவா, இல்லை வீட்டைக் காலிசெய்யப் போகிறீர்களா என்று. சாதாரணமாகத்தான் கேட்டார். ஆண்ட்டி துவைத்த துணியை மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"பர்மனென்ட்டுகானே பெட்டண்டி" என்றேன். யோசிக்கவில்லை. சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. ஆண்ட்டி மறுபடி துணியை மடித்தார். அண்ணனுக்கு இன்று ராத்திரி சொல்லவேண்டும், வருத்தப்படுவார்.

சுவரில் துளை போட்டுக் காலை நிறுத்தினார். டிஷ்ஷை அதில் மாட்டி, போல்ட் முடுக்குகிற வரைக்கும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்தேன். அப்போது நேற்றைப் போலவே மறுபடி காற்று கிளம்பியது. எனக்குத் தெரியாதுங்க. அது இப்படி இழுக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆளையே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இழுத்தது. காலை அகட்டி, வயிற்றைச் சுவரில் முட்டுக்கொடுத்து நின்றேன். கண்ணெல்லாம் மண். இதைப் பிடித்துக்கொண்டா அத்தனை வருஷம் "இப்ப வருதா, இப்ப வருதா" என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள்? நான் கீழே ஃபேன் காற்றில் நின்றுகொண்டு "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேனே. கீழே வந்து ஒருநாளாவது சொன்னீர்களா? கையைக் கழுவிக்கொண்டு சாப்பாடு ஆச்சா என்பீர்கள். அப்படிக் கோபம் வந்தது உங்கள்மேல்.

முடுக்கி முடித்து, விடுங்கம்மா என்றார். விடவில்லை போலிருக்கிறது, ஆண்ட்டி வந்து விரல்களைப் பிரித்துவிட்டார். இரண்டு உள்ளங்கையிலும் ஓரத் தகடு பதிந்து சிவப்பாகக் கோடு விழுந்திருக்கிறது. பேனாவைப் பிடித்தால் எரிகிறது. நீங்கள் போனதிலிருந்து எனக்கு வலித்தது இதுதான்.