கொண்டான் கொடுத்தான்

விளாங்குடி, மதுரை
14.9.2025

அன்புள்ள மலையம்மாள் அக்காவுக்கு,

பாண்டீஸ்வரி எழுதிக்கொள்வது. நீங்களும் மகள் பவதாரிணியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். இங்கே என் வீட்டுக்காரருக்குச் சுகம்தான். காளவாசல் உரக்கடைக்குப் பழையபடி போய் வருகிறார். ரத்தப் பரிசோதனை நன்றாக வந்திருக்கிறது. நீங்கள் கொடுத்த கிட்னி நன்றாக வேலை செய்கிறது அக்கா. மற்றதெல்லாம் பிறகு. இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

மூன்று மாதமாகப் போன் செய்து பார்க்கிறேன். மணி அடிக்கிறது, எடுப்பதில்லை. எடுக்காதது நியாயம்தான். கடிதமென்றால் பவதாரிணி படித்துக் காட்டுவாள். அவளும் கேட்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இந்த மாதம் நாலாம் தேதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் செக்கப்புக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். வழக்கம்போல உங்கள் இரண்டு பேருக்கும் பையை வைத்து இடம் பிடித்திருந்தேன். தமிழ்வாணி சிஸ்டர்தான் வந்து சொன்னார், நீங்கள் இனி வியாழக்கிழமை வரமாட்டீர்கள், செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள் என்று. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்த நாற்காலிகளில் வேறு யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

அதே இடத்தில்தானே நாம் முதலில் பேசினோம். என் ரத்தம் அவருக்குச் சேரவில்லை, உங்கள் ரத்தம் உங்கள் பிள்ளைக்குச் சேரவில்லை. உங்களுடையதை அவருக்கும் என்னுடையதைப் பவதாரிணிக்கும் வைக்கலாம் என்று டாக்டர் ஏதோ இங்கிலீஷ் பேர் சொல்லி விளக்கினார். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். நீங்கள்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இதுக்குப் போயி பயப்படலாமா தங்கச்சி? எங்க பக்கம் மாத்து வேலைன்னு சொல்லுவோம். இன்னைக்கு உன் காட்டுக்கு நான் வாரேன், நாளைக்கு என் காட்டுக்கு நீ வா. அம்புட்டுத்தான்" என்றீர்கள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஆபரேஷன் தியேட்டருக்குள் போனேன்.

ஆபரேஷன் முடிந்து அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தோம். உங்களுக்கு வந்த கஞ்சியில் பாதியை எனக்கு ஊற்றினீர்கள், குடித்தேன். ஒருநாள், இனிமேல் நாம் கொண்டான் கொடுத்தான் ஆகிவிட்டோம் என்று சொல்லிச் சிரித்தீர்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீட்டார் சொல்லிக்கொள்கிற வார்த்தை. தையல் வலிக்க வலிக்க நானும் சிரித்தேன். அதை அவரிடம் போய்ச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "கடையில சாமான் மாத்துறதுதான் இது. குடுத்தோம், வாங்குனோம், தீந்துபோச்சு. கொண்டான் கொடுத்தான்னு வெளிய எங்கயும் சொல்லித் தொலைக்காத" என்றார்.

நான் சொல்லவில்லை. ஊரில் அவர் என் கிட்னியே தனக்குப் பொருந்திவிட்டதாகச் சொல்லிவிட்டார். சொந்தக்காரப் பெண்கள் வந்து, புருஷனுக்கு உயிரைக் கொடுத்தவள் என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு அதையும் வாங்கிக்கொண்டேன். உங்களுக்குச் சேரவேண்டிய பெயர் அது.

புது வீட்டுப் பால்காய்ச்சுக்கு உங்களைக் கூப்பிட்டது நான்தான். அவரிடம் கேட்காமல் கூப்பிட்டேன். கூட்டத்தோடு கூட்டமாக வந்து போவீர்கள், யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். நீங்கள் உங்கள் தோட்டத்துக் கத்தரிக்காயை ஒரு பையிலும், எனக்கு ஒரு சேலையைத் தட்டிலும் வைத்துக்கொண்டு வாசலில் நின்றீர்கள். பவதாரிணி முகக்கவசம் போட்டுக்கொண்டு பின்னால் நின்றாள். அவருடைய அண்ணன் அழகுபாண்டி உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, யார் இவர்கள், எந்த ஊர் என்று என்னிடம் கேட்டார். எந்த ஊர் என்று அவர் கேட்டால் அது ஊரைப் பற்றிய கேள்வி இல்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"பாத்திரம் விளக்க வரச் சொன்னேன் மச்சான்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை அக்கா. ஆனால் அது எப்படி அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். உண்மையைச் சொல்லி எங்கள் முகத்தில் கரியைப் பூசியிருக்கலாம். நீங்கள் சேலைத் தட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்து அண்டா குண்டான் எல்லாம் விளக்கினீர்கள். ஒரு கிட்னியோடு, அந்த வெயிலில், மத்தியானம் வரைக்கும். நான் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளியே வரவில்லை. பந்தியில் உட்காரச் சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை. சாப்பிடாமலே கிளம்பினீர்கள். பவதாரிணி மட்டும் பின்வாசல் பக்கம் வந்து, யார் காதிலும் விழாதபடி மெதுவாக, "வாரேன் சித்தி" என்றாள். அந்தப் பிள்ளை எனக்காகக் குரலைத் தாழ்த்தினாள். சத்தமாகச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

செக்கப்புக்குப் போய்வந்த அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அழகுபாண்டி மச்சான் வீட்டுக்கு வந்தார். தன் வீட்டில் சம்பந்தம் பேச வந்தவர்களையும் கூட்டி வந்திருந்தார். தம்பி உடம்பில் இருப்பது நம் வீட்டுப் பெண் கொடுத்தது என்று அவர்களிடம் பெருமை பேசினார். காப்பித் தட்டைக் கீழே வைத்தேன். "அது நான் குடுத்தது இல்ல மச்சான். அன்னைக்குக் கொல்லையில பாத்திரம் விளக்குனாங்கல்ல, அந்த அக்கா குடுத்தது. என்னோடது அவங்க மக வயித்துல இருக்கு" என்று சொன்னேன். மச்சான் எழுந்து போய்விட்டார். வந்தவர்களும் காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள். அந்தச் சம்பந்தம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. சொந்தத்தில் எல்லாருக்கும் வந்த வேறொரு கல்யாணப் பத்திரிகை எங்களுக்கு மட்டும் வரவில்லை, அது தெரியும்.

என் வீட்டுக்காரர் இல்லை என்று மறுக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. ஒரு வாரமாக என்னோடு பேச்சு இல்லை. இந்தக் கடிதத்தை அவர் பக்கத்து அறையில் இருக்கும்போதுதான் எழுதுகிறேன். ஒருதடவை வந்து எட்டிப் பார்த்தார். யாருக்கு என்று கேட்கவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை.

இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நாளில் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, நீங்கள் இல்லாத இடத்தில் சொன்னேன். அதனால் உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? அந்தப் பாத்திரங்களை நீங்கள் விளக்காததாக ஆகிவிடுமா?

பவதாரிணி காலேஜுக்குத் திரும்பப் போகிறாளா? மாத்திரையை நேரம் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழை தொடங்கிவிட்டது, கண்ட தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்களும் கனமானதைத் தூக்காதீர்கள்.

செவ்வாய்க்கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போய்வாருங்கள். நான் குறுக்கே வரமாட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல், வாந்தி என்று ஏதாவது வந்தால் மட்டும், தமிழ்வாணி சிஸ்டரிடமாவது ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கேட்பதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. நல்லது என்றால் சொல்ல வேண்டாம். சேதி ஒன்றும் வரவில்லையென்றால் அவள் நன்றாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நோய்நொடி இல்லாமல் நல்லா இரு, பவதாரிணி.

உங்கள்
பாண்டீஸ்வரி