மாமாவின் கட்டைவிரல்

சிதம்பரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பி அன்பரசுவுக்கு,

அக்கா சிந்துஜா எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ கூப்பிட்டால் உன் மாமாதான் எடுக்கிறார், எடுத்ததும் கேம் பேச்சுதான். வாட்ஸப்பில் எழுதினாலும் அவர் கண்ணில் பட்டுவிடும். அதனால் லீவில் வந்திருக்கும் உன் ரூம்காரன் கதிரவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. கீரப்பாளையத்தில் நடவு முடிந்தது. இந்த வருஷம் மழைதான் ஜாஸ்தி.

போன தடவை வந்தபோது டிவியில் மாட்டிக் கொடுத்தாயே, அந்தக் கார் சண்டை கேம், அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். சின்ன வயதில் நீ மஞ்சக்குப்பத்து வீடியோ கேம் கடையில் ஆடுவாயே, அதே மாதிரி கட்டம் கட்டமான கார்கள், டொய்ங் டொய்ங் என்று பாட்டு. காரின் தலையில் துப்பாக்கி. ஒரு நாள் அவர் இல்லாதபோது நானும் ஆடிப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்கூட்டிக்குப் பின்னாலேயே வந்து ஹாரன் அடித்து உயிரை வாங்குகிற லாரிக்காரர்களை நினைத்துக்கொண்டு சுட்டேன். நம் கார் வெடித்தாலும் மூன்று எண்ணுவதற்குள் புதுசாக வந்து நிற்கிறது. சிப்காட் ஷிப்ட் வேன் ஓட்டுகிறவருக்கு அது எப்படி இனிக்கும் என்று புரிகிறது. பஸ்காரன் ஒதுக்கித் தள்ளினாலும், சூப்பர்வைசர் நாலு பேர் முன்னால் திட்டினாலும் விழுங்கிக்கொண்டு வருகிற மனுஷன். டிவி முன்னால்தான் திருப்பி அடிக்கிறார்.

ஆனால் நீங்கள் இருவரும் அந்த ரோட்டுக்கு நம் ஊர்ப் பெயர்களை வைத்திருக்கக் கூடாது. ஆலப்பாக்கம் வளைவு, புதுச்சத்திரம் மேடு, வெள்ளாற்றுப் பாலம். பாலத்தில் வலப்பக்கம் ஒட்டி இடித்தால் எதிராளி ஆற்றில் விழுவான் என்று நீதான் கண்டுபிடித்தாயாம். மாமனும் மச்சானும் போனில் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது.

போன புதன்கிழமை கடலூர் கலெக்டர் ஆபீஸில் ஒரு வேலை. அவர் வேனிலேயே முன் சீட்டில் போனேன். பின்னால் பூராவும் வேலைக்குப் போகும் பெண்கள். வெள்ளாற்றுப் பாலத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே முந்த வந்தது. உன் மாமா பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டியரிங் மேல் அவர் கட்டைவிரல் மட்டும் அழுத்தி அழுத்தி எடுத்தது, கேமில் சுடுகிற மாதிரியே. வாய்க்குள், "வந்தியா மச்சான்" என்றார். உடனே வண்டியை வலப்பக்கம் ஒடித்தார். பெண்கள் அலறினார்கள். பஸ்காரன் பிரேக் அடித்ததால் ஒரு முழ இடைவெளியில் பிழைத்தோம்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "நான் எங்க ஒடிச்சேன், நேராத்தான போனேன். அவுங்க சும்மா கத்துனாங்க" என்றார். மழுப்பவில்லை தம்பி. நிஜமாகவே நினைவில்லாத முகம் அது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது.

கேமை எடுத்துப் பரணில் ஒளித்து வைத்தேன். ஆனாலும் கண்ணை மூடினாலே அந்த கேம் ரோடு ஓடுகிறது என்கிறார். முதலாளியிடம் சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் என்ன போகும் என்று நினைக்கவே முடியவில்லை. கொஞ்ச நாள் வண்டியைத் தொடாமல் டாக்டரைப் பார்க்கும்படி நீதான் அவரிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் பொம்பளை பயம் என்று சிரிக்கிறார். மச்சான் சொன்னால் கேட்பார்.

அதுவரை அவரைத் தனியாக விட எனக்கு மனசில்லை. அவர் ஆள் ஏற்றிப் போகும் கம்பெனியிலேயே பாக்கிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். நாளையிலிருந்து முன் சீட்டில் நான்தான். சம்பளத்துக்காக என்று நினைத்து அவருக்குச் சந்தோஷம். குழந்தை அனுப்பிரியாவை அம்மாவிடம் விட்டாயிற்று.

அவளுக்கு இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில்தான் குத்த வேண்டும் என்று உனக்காகவே தள்ளிப்போட்டோம். இனித் தள்ளிப்போட வேண்டாம், சீக்கிரம் வா. நீ வரும்போது யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவளை உன் மடியில் உட்கார வைத்துக்கொள். நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா
சிந்துஜா