மேல் தட்டில் மஞ்சள் சேலை

சனிக்கிழமை இரவு, செய்யூர்

எங்கள் வீட்டு பீரோவைத் தோலின் நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருப்பவள் என் அம்மா. மேல் தட்டு தங்கை திவ்யாவுக்கு. அவள் சிவப்பு. அதனால் ரோஸ், கிளிப்பச்சை, ஆரஞ்சு எல்லாம் அங்கே. கீழ்த்தட்டு எனக்கு. காப்பிப்பொடி நிறமும் சாம்பலும்தான் அதில்.

போன மாதம் என் சம்பளத்தில் செங்கல்பட்டில் ஒரு மாம்பழ மஞ்சள் சேலை எடுத்தேன். கடைக் கண்ணாடி முன்னால் தோளில் போட்டுப் பார்த்து, பிடித்துத்தான் எடுத்தேன். நாளை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதைத்தான் கட்டுவதாக இருந்தேன். மாமல்லபுரத்தில் வேலை முடிந்து மாலையில் வந்தால், அது திவ்யாவின் தட்டில் இருக்கிறது.

"இன்னாம்மா இது?"

"அந்தக் கலரு உனுக்கு எடுக்காதுடி. வர்றவங்க கண்ணுக்கு இன்னும் கறுப்பாத் தெரிவ. லைட் பிரவுன் ஒண்ணு கீதே, அதைக் கட்டிக்கோ."

"நாளைக்கு மறைச்சுட்டா, கல்யாணம் ஆனப்புறம் வெளுத்துடுவனா?"

திவ்யா சிரித்துவிட்டாள். அம்மா பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கீரை ஆய உட்கார்ந்தாள்.

அம்மாவும் என் நிறம்தான். அவள் மஞ்சள் கட்டி நான் பார்த்ததே இல்லை. "உனுக்கு இதை யாரு சொன்னது?" என்று கேட்டேன். அம்மா பழுத்துப்போன இலைகளைக் கிள்ளிக் கிள்ளித் தரையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் கையை நீட்டினேன். "அது என் சேலை. சாவியைக் குடும்மா."