சட்டைக் கைக்கு அளவு

அன்புள்ள அப்பாவுக்கு,

கும்பிட்டு எழுதுகிறேன். முட்டிவலி தேவலையா? தையல் மெஷினை ரொம்ப மிதிக்காதீர்கள். நான் நலம்.

வீடியோ காலில் பார்த்துப் பதறினீர்களே, அந்த டப்பா போதை மருந்து இல்லை, அமினோ அமிலப் பவுடர். உடற்பயிற்சியில் களைத்த தசை தேறி வளர அது துணை செய்யலாம் என்கிறார்கள். டாக்டரைக் கேட்டுத்தான் குடிக்கிறேன். குடித்துவிட்டுச் சும்மா படுத்தால் ஒன்றும் வளராது. எடையைத் தூக்குவது நான்தான், டப்பா இல்லை.

போன வாரம் என் வார்டில் ஒரு நோயாளி வழுக்கி உட்கார்ந்துவிட்டார். "நீ தள்ளும்மா, ஆம்பளை யாரையாவது கூப்பிடறேன்" என்றார் தலைமை நர்ஸ். அந்த ஆம்பளை வருவதற்குள் நோயாளியைக் கட்டிலில் ஏற்றிவிட்டேன். முதுகு லேசாகப் பிடித்தது, விட்டுவிட்டது.

"பொண்ணுக்கு எதுக்கு இப்படித் தோளு? எவன் கட்டிப்பான்?" என்று அத்தை கேட்டால் கேட்கட்டும். நான் நிறுத்தப்போவதில்லை.

நீங்கள் தைத்த சட்டைகள் கையில் இறுக்குகின்றன. புதிதாக இரண்டு வேண்டும். என் கைச்சுற்று அளவுக்கு வெட்டிய நூல் இந்தக் கவருக்குள் இருக்கிறது. ஒரு முனையைப் பிடிக்க இங்கே யாருமில்லை, பல்லால் கடித்துக்கொண்டு அளந்தேன். கூடக்குறைய இருக்கும்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. துணியைத் தாராளமாகவே வெட்டுங்கள் அப்பா, கை இன்னும் பெரிதாகும்.

உங்கள் மகள்