ரேகை விழாத விரல்கள்

என் செல்ல மகன் ஸஹாருக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, மழை வருவதற்கு முதல் நாள் முழங்கால் மட்டும் தகவல் சொல்கிறது, மற்றபடி நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, முடிந்த மட்டும் தூங்கி, மின்கம்பத்தில் ஏறும்போது இடுப்புப் பட்டையை மறக்காமல் மாட்டிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். தினம் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால், என்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் ருஸ்லானா பக்கத்துக் கட்டிலில் இருக்கிறாள். அவள் ஊரான கெர்சனில் இருந்தபோதே அவளுக்கு நல்ல காதாம், இந்த சானோக் ஊருக்கு வந்து நாலு வருடத்தில் அது இன்னும் கூர்மையாகிவிட்டது. நான் இப்போது சொல்லப்போவது அவளுக்குத் தெரிந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். அதனால்தான் இரண்டு பிளம் ஜாம் பாட்டில்களுக்கு நடுவே மடித்துவைத்து, நம் ஊர் லுப்னிக்குச் சாமான் கொண்டுபோகும் வேன்காரரிடம் கொடுத்திருக்கிறேன். படித்ததும் கிழித்துப் போடு, ஜாமை மட்டும் வைத்துக்கொள்.

குடியிருப்பு அட்டை விஷயம்தான். போருக்குத் தப்பி எல்லை தாண்டி ஓடிவந்தபோது போலிஷ் அரசு கொடுத்த தற்காலிகப் பாதுகாப்பு என்றைக்கும் இருக்காது, அது முடிவதற்குள் மூன்று வருட அட்டைக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று இங்கே எல்லோரும் பேச ஆரம்பித்ததிலிருந்து ருஸ்லானா என்னைத் தூங்கவிடவில்லை. அவள் போனைப் பார்த்துப் பார்த்துப் பாதி வக்கீல் ஆகிவிட்டாள். அவள் போதாது என்று நீ வேறு. போனை எடுத்தால் நலமா என்று கேட்பதற்கு முன்பு, “அட்டைக்குப் போட்டியாம்மா, இல்லையா? உனக்கு அங்க ஒரு பிடிமானம் இருந்தாதான் நான் நிம்மதியா கம்பம் ஏறுவேன்” என்பாய். சரி என்று நானும் தலையை ஆட்டினேன். ருஸ்லானா கம்ப்யூட்டரில் விண்ணப்பத்தை அனுப்பினாள். அட்டைக்கு விரல் ரேகை கொடுக்க வரச்சொல்லித் தேதியும் வந்தது. நானும் போனேன். ரேகை விழவில்லை. இது உனக்குத் தெரியும். தெரியாததை இப்போது சொல்கிறேன், கோபப்படாதே.

முதல் தடவை போவதற்கு முன்பு பத்து நாளாக, நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையலறையில் எல்லாப் பெரிய பானைகளையும் நானே இழுத்துப் போட்டுத் தேய்த்தேன், கம்பி நாரும் சாம்பலும் வைத்து, கையுறை இல்லாமல். சமையலறைத் தலைவி, என்ன மெலான்யா இப்படி உழைக்கிறாய் என்று நெகிழ்ந்து எனக்கு ஒரு சாக்லேட் டப்பா கொடுத்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், தோலையே எரிக்கும் அந்தக் காரக் கிழங்கை, குதிரைமுள்ளங்கியைத் துருவுவேன். தேவையே இல்லை, ஆனாலும் துருவுவேன். ஏன் என்றால் ஒருநாள் சமையலறையில் யாரோ, வேலை செய்து தேய்ந்த கைகளுக்கு ரேகை பதியாது என்று பேசிக்கொண்டது என் காதில் விழுந்திருந்தது. உன் அம்மா அறுபத்திரண்டு வயதில் செய்த திருட்டுத்தனம் இது.

ஏன் செய்தேன் என்று கேள். தற்காலிகம் என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது ஸஹார். தற்காலிகம் என்றால் வீட்டுக்குத் திரும்பப் போகிறவள் என்று அர்த்தம். என் பச்சைக் கோட்டும் குளிர்கால பூட்ஸும் இன்னும் லுப்னி வீட்டு அலமாரியில்தான் இருக்கின்றன, இங்கே இரண்டாவது கோட்டு நான் வாங்கவே இல்லை. மூன்று வருட அட்டையை வாங்கினால் நான் இந்த ஊர்க்காரி ஆகிவிடுவேன், நீ அங்கே ஒண்டியாகவே நின்றுவிடுவாய் என்று பயந்தேன். உன்னிடம் அதைச் சொன்னால் நீ சண்டை போடுவாய். அதனால் சண்டையை என் விரல்களிடம் ஒப்படைத்துவிட்டேன்.

அலுவலகத்தில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், பொறுமைசாலி. “இன்னும் கொஞ்சம் அழுத்துங்கம்மா” என்றாள். “இதுக்கு மேல அழுத்துனா மேசை போயிடும் கண்ணு” என்றேன். இயந்திரம் சிவப்பு விளக்கையே காட்டியது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் காத்திருந்த ருஸ்லானா அந்த இயந்திரத்தை வாய்க்கு வந்தபடி திட்டினாள். இரண்டாவது தடவையும் அதே கதை. அதற்குப் பிறகு அவள் நிஜமாகவே பயந்துவிட்டாள். “இன்னும் ஒரு தடவை தவறுச்சுன்னா விண்ணப்பத்தையே தள்ளிடப்போறாங்க அக்கா. அப்புறம் இங்க எந்த உரிமையில இருப்பீங்க, எந்த உரிமையில வேலை பார்ப்பீங்க?” என்று அழுதாள். எனக்கும் அப்போது கொஞ்சம் உறுத்தியது, பொய் சொல்லவில்லை. ஆனால் பானைகளை விடவில்லை.

மூன்றாவது தடவை அந்தப் பெண் இயந்திரத்தைப் பார்க்காமல் என் கையைத் திருப்பிப் பார்த்தாள். சிவந்து, உரிந்து, குதிரைமுள்ளங்கி வாசம் வேறு. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மெதுவாக, “நீங்க வேணும்னே தேய்ச்சிட்டு வர்றீங்களாம்மா?” என்றாள். நாலு வருடத்தில் யாரும் என்னை அப்படி நேருக்கு நேர் கேட்டதில்லை. ருஸ்லானா வெளியே இருந்தாள் என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், என் அரைகுறைப் போலிஷில், பாதி அழுகையோடு. “இதை வாங்கிட்டா நான் இங்கத்தி ஆளாயிடுவேனேம்மா, என் பையன்கிட்ட எப்படிப் போவேன்?” என்றேன். அவள், “இப்ப போனா எத்தனை நாள் இருப்பீங்க?” என்று கேட்டாள். “எங்க இருக்க விடறான்? இங்கேருந்து போய் முப்பது நாள் தாண்டினா பாதுகாப்பு போயிடும்னு என் பையன் ஃபிரிட்ஜ்ல காலண்டர் மாட்டி, சிவப்புப் பென்சில்ல நாளை அடிச்சு, இருபத்தேழாம் நாளே என்னை பஸ் ஏத்திடுவான்” என்றேன். அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்: “அம்மா, அந்த முப்பது நாள் கணக்கு இப்ப உங்ககிட்ட இருக்கிற தற்காலிகத்துக்குத்தான். அட்டை வந்துட்டா அது இல்ல. போங்க, பையனோட இருந்துட்டு வாங்க.”

உன்னிடம் போகவிடாமல் தடுக்கும் என்று நான் பயந்த அட்டைதான் போகவிடும் அட்டை. நான் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த தற்காலிகம்தான் என்னை ஒவ்வொரு தடவையும் பஸ் ஏற்றியது. இதை ருஸ்லானா எனக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள், அவள் சொல்கிறாள் என்பதாலேயே நான் கேட்டிருக்க மாட்டேன். உடனே கையை மேலங்கியில் துடைத்துவிட்டு, “கொண்டா அந்த இயந்திரத்தை” என்று அழுத்தினேன் பார், சிவப்பு. மறுபடியும் அழுத்தினேன், சிவப்பு. வேண்டாம் என்றபோது வராத ரேகை வேண்டும் என்றபோதும் வரவில்லை, நான் அவ்வளவு நன்றாகத் தேய்த்திருக்கிறேன். அந்தப் பெண் இன்னொரு தேதி போட்டுக் கொடுத்து, “பன்னிரண்டு நாள். தண்ணி, சோப்பு, கத்தி, எதையும் தொடாதீங்க” என்றாள். அவள் என்னை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை, நல்ல பெண்.

அந்தப் பன்னிரண்டு நாள் நான் பட்ட பாடு, ஓடிவந்தபோதுகூடப் படவில்லை. வீட்டுக்காரி பொகுமிலா அம்மாள் வாத்துக்கொழுப்பை என் கையில் அப்பி, அதன்மேல் பருத்திக் கையுறை மாட்டி, சாய்வு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டாள். “உன் கை இப்ப உன்னோடது இல்ல மெலான்யா, அரசாங்கத்தோடது” என்று மிரட்டினாள். அவள் செய்த பீட்ரூட் சூப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும், அதைவிட வேறு தண்டனை உண்டா. பூண்டே போடாமல் சூப்பு வைக்கிறாள் ஸஹார், நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஐந்தாம் நாள் பொறுக்கமாட்டாமல் கையுறையைக் கழற்றி ஒரே ஓர் உருளைக்கிழங்கை உரித்தேன், ருஸ்லானா வந்து கையும் கிழங்குமாகப் பிடித்துவிட்டாள். “உங்களுக்காக நான் லீவு போட்டு அலையறேன், நீங்க இங்க கிழங்கு உரிக்கிறீங்களா? உங்களைக் கட்டிலோட கட்டித்தான் போடணும்” என்றாள். அவள் கோபம் நியாயமானது. பழைய கதையெல்லாம் தெரிந்தால் எவ்வளவு நியாயம் என்று அவளுக்கே புரியும், அதனால்தான் தெரியக்கூடாது.

போன செவ்வாய்க்கிழமை போனோம். கிளம்பும் முன்பு நம் வழக்கப்படி மூவரும் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்தோம். பொகுமிலா அம்மாள் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று அஞ்சு நிமிடம் உட்கார்ந்ததில் பஸ் போய்விட்டது, அடுத்த பஸ்ஸில் போனோம். வலது விரலுக்கு முதல் தடவையே பச்சை விளக்கு. இடது விரல் மூன்று தடவை அடம்பிடித்தது. அந்தப் பெண் தன் சட்டைக் கையாலேயே கண்ணாடியைத் துடைத்து, என் விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள். பச்சை. நான் அழுதேன், அப்போதும் விரல் கெட்டுவிடப் போகிறதே என்று புறங்கையால்தான் கண்ணைத் துடைத்தேன். ருஸ்லானாவும் அழுதாள், ஆனால் அவள் தான்தான் இயந்திரத்தைத் திட்டித் திருத்தியதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள், இருக்கட்டும்.

அட்டை கைக்கு வரச் சில வாரம் ஆகும் என்றார்கள். வந்ததும், கிழங்கு தோண்டும் சமயத்துக்கு நான் அங்கே வருகிறேன். குண்டு விழும் ஊருக்கு எதற்கு வருகிறாய் என்று நீ ஆரம்பிக்காதே, பயமாக இருந்தால் நானே திரும்பிவருவேன், அதற்குத்தானே அட்டை. அதுவரை ஈரச் சாக்ஸோடு தூங்காதே, ஒரே சூப்பை நாலு நாள் வைத்துச் சாப்பிடாதே, நிலவறையில் ஊறுகாய் ஜாடிகளின் மூடி துருப்பிடித்திருக்கிறதா பார். கடவுள் உனக்கு நீண்ட ஆயுளும், ஏறிய கம்பத்திலிருந்து பத்திரமாக இறங்கும் வரமும் தரட்டும். அம்மாவின் முத்தங்கள், இப்போது வழவழப்பாக இருக்கும் இந்தக் கையின் ஆசீர்வாதமும்.

ஒன்றை மறக்காதே. ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் காலண்டரைக் கழற்றிவிடு. ஒவ்வொரு தடவையும் நான் பையைக் கீழே வைக்கும் முன்பே, “இன்னும் எத்தனை நாள்மா?” என்று கேட்பாய். இந்தத் தடவை கேட்காதே. கேட்டாலும் என்னிடம் பதில் இல்லை, நாலு வருடத்தில் முதல் தடவையாக எனக்கே தெரியாது.

உன் அம்மா,
மெலான்யா