பெயர் கேட்கக் கூடாத ஒருத்திக்கு

6 மார்ச் 2025, ஆஹென், ஜெர்மனி

இரத்தப் பரிசோதனை முடிவு நன்றாக இருக்கிறது. பேருந்தில் இருந்தபடியே அம்மாவுக்குச் சொன்னேன். "மாதாவே!" என்றார். அடுத்த மூச்சிலேயே, "வரேக்க கறிக்கு லீக்ஸ் ரண்டு வாங்கிக்கொண்டு வா" என்றார். லீக்ஸ் வாங்கிவரச் சொல்லப்படும் ஆளாக மறுபடி ஆகிவிட்டேன். இதைவிட என்ன வேண்டும்?

9 மார்ச்

அந்தக் கடிதத்தை இனியும் தள்ளிப்போட முடியாது.

என் இரத்தப் புற்றுநோய்க்கு 2023 அக்டோபரில் யாரோ ஒருத்தியின் இரத்தம் ஊறும் குருத்தணுக்களை ஏற்றினார்கள். ஒரு பெண், முப்பது வயதுக்குள், ஜெர்மனியில் இருப்பவள். அவ்வளவுதான் சொன்னார்கள். இரண்டு வருடத்துக்குப் பெயர் தெரியக் கூடாது. கடிதம் எழுதலாம், ஆனால் கொடையாளர் பதிவகத்தில் வாசித்து, பெயரையும் ஊரையும் கறுப்பு மையால் அழித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். இரண்டு வருடம் முடிந்தபின், இருவரும் கையொப்பம் வைத்தால் முகவரி கிடைக்கும்.

எங்கள் ஆட்கள் இருவர் சந்தித்தால் முதலில் "நீங்கள் எவ்விடம்?", அடுத்தது "ஆற்ற பிள்ளை?" — யாருடைய பிள்ளை. மூன்றாவது கேள்விக்கு முன்னமே சொந்தம் பிடித்துவிடுவார்கள். அந்த இரண்டும் இல்லாமல் ஒருத்தியோடு எப்படிப் பழகுவது? மன்னார், யாகோப்புவின் மகள், நூலகத்தில் வேலை — இவற்றை எடுத்துவிட்டால் நான் என்று எதை எழுதுவது?

"அன்புள்ள கொடையாளிக்கு" என்று தொடங்கினால், கோயில் சுவரில் கல்லில் பெயர் பொறித்தவருக்கு எழுதுவது போலிருக்கிறது. கடைசியில் வெறும் "அன்புள்ள உங்களுக்கு".

சிகிச்சைக்குப் பிறகு மாதக்கணக்காக வாயில் எல்லாமே இரும்பாக இருந்ததையும், ஒரு காலை பாணில் பூசிய பட்டரின் உப்பு நாக்கில் தெரிந்ததையும் எழுதினேன். இரண்டு பக்கம் உப்பைப் பற்றி. அழிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

24 ஏப்ரல்

பதில் இல்லை. இருக்க வேண்டுமென்று யார் சொன்னது?

15 மே

வந்துவிட்டது!

ஊசி என்றால் அவளுக்கு நடுக்கமாம். தோழி இழுத்துக்கொண்டு போனதால்தான் பதிந்தாளாம். வீட்டில் சொல்லவில்லை. வேலையிடத்தில் பயிற்சி என்று பொய் சொல்லிவிட்டுப் போய்க் கொடுத்திருக்கிறாள். தெரிந்தால் அவளுடைய அம்மா பயப்படுவாராம் — நாளைக்குக் கலியாணம் பேசும்போது, 'பிள்ளைக்கு என்ன வருத்தம், என்ன நோய்?' என்று ஆராவது கேட்டால்? "அதனால் இரண்டு வருடம் முடியும்போது என்னால் கையொப்பம் வைக்க முடியுமோ தெரியாது. மன்னியுங்கள். ஆனால் எழுதுங்கள். நல்லதொன்றைச் செய்துவிட்டு யாருக்கும் சொல்லாமலிருப்பது பெரிய தனிமை."

கடைசி வரியை மூன்று தரம் வாசித்தேன்.

அம்மா துள்ளினார். "பொய் சொல்லிப்போட்டுப் போயிருக்கிறாள், கலியாணத்துக்குப் பயந்திருக்கிறாள் — பிறின்சி, இது எங்கட பெட்டைதான்!"

"துருக்கிக்காரரும் பயப்பிடுவினம், வியட்நாம்காரரும் பயப்பிடுவினம்" என்றார் அப்பா.

"நீங்கள் சும்மா இருங்கோ."

2 ஜூலை

அவளுடைய அலுவலகத்தில் ஒருவர் பிளாஸ்ரிக் பூஞ்செடிக்கு வெள்ளிதோறும் தண்ணீர் ஊற்றுகிறாராம். ஒருத்தரும் உண்மையைச் சொல்வதில்லையாம், அவளும்தான். நான், நூலகத்துக்குத் திரும்பிவரும் புத்தகங்களுக்குள் அடையாளத்துக்கு வைத்து மறந்த பொருட்களைப் பற்றி எழுதினேன். இந்தக் கிழமை ஒரு குழந்தையின் காலுறை.

இப்போது ஒன்று நடந்தால், இதை அவளுக்கு எப்படிச் சொல்லலாம் என்றுதான் முதலில் யோசிக்கிறேன். அதனால் நாட்களை உன்னிப்பாகப் பார்க்கிறேன். இதையும் அவள்தான் தந்தாள்.

10 ஆகஸ்ட்

நேற்றுக் கேவலார் ஊர் மாதா கோயிலுக்கு யாத்திரை. எங்கள் சனம் ஆயிரக்கணக்கில். திரும்பிப் பார்க்கிறேன், அம்மா வேறு ஊரிலிருந்து வந்த சரளா அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "உங்கட பக்கத்தில ஆராவது பெட்டை வீட்டுக்குச் சொல்லாமல் இரத்தம் குடுத்தவளோ?"

"ஏனக்கா, எந்தப் பெட்டை? ஆற்ற மகள்?" அன்ரியின் கண் விரிந்ததைப் பார்க்க வேண்டும்! அதற்கு முன் எத்தனை பேரைக் கேட்டாவோ, மாதாவுக்குத்தான் தெரியும். என்ன செய்து வைச்சிருக்கிறா இந்த அம்மா!

காருக்குள் கத்திவிட்டேன். "அவ ஒளிச்சுச் செய்தவ, அம்மா. நீங்கள் தேடித் திரிஞ்சா அவவுக்குத்தான் கதை வரும். விளங்குதோ?"

அம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு: "என்ர பிள்ளையைத் திருப்பித் தந்தவளுக்கு ஒரு நேரச் சோறு குடுக்கக் கூடாதோ நான்?"

அப்பா வானொலியை நிறுத்தினார்.

17 ஆகஸ்ட்

பூசையால் வந்ததும், "பேப்பர் எடு, எழுது" என்றார் அம்மா.

"அவவுக்கோ?"

"இல்லை. அவளின்ர தாய்க்கு."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "உங்கட மகள் பிழை ஒண்டும் செய்யேல்லை. உடம்பில ஒரு குறையும் வராதாம், டொக்டரிட்டக் கேட்டனான். நடுங்கி நடுங்கி எண்டாலும் போயிருக்கிறா. என்ர மகள் விடிய எழும்பி என்னைப் பாத்து முகம் சுளிக்கிறாள். அது உங்கட மகளால. பொய் சொன்னதுக்கு ஏசுங்கோ. மற்றதுக்கு ஏசாதேங்கோ."

அதை ஜெர்மன் மொழியில் ஆக்கும்போது இரண்டு தரம் எழுந்து போய் முகம் கழுவினேன். அவளுக்குத் தனியாக ஒரு வரி வைத்தேன்: இதை உங்கள் அம்மாவிடம் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம்.

28 செப்டம்பர்

ஒன்றும் வரவில்லை. பயப்படுத்திவிட்டோமோ? அம்மா என்னிடம் கேட்பதில்லை. ஆனால் எனக்கு முன்னால் இறங்கிப் போய்த் தபால் பெட்டியைத் திறக்கிறார்.

20 அக்டோபர்

இரண்டு வருடம் நிறைந்தது. என் பக்கத்துக் கையொப்பத்தை வைத்து அனுப்பினேன். அவள் வைக்காவிட்டாலும், இந்தக் கோடையில் எனக்கொரு தோழி இருந்தாள். அதை ஒருவரும் அழிக்க ஏலாது.

14 நவம்பர்

தடித்த கடித உறை. உள்ளே இரண்டு கடிதங்கள்.

முதலாவது அவளுடையது: வீட்டில் சொல்லிவிட்டேன். கையொப்பமும் வைத்துவிட்டேன். பெயர்கள் வரச் சில கிழமை எடுக்குமாம்.

இரண்டாவது, அவளுடைய அம்மா சொல்ல அவள் ஜெர்மனில் எழுதியது. அடுக்களையில் நின்று தமிழாக்கி வாசித்தேன்: "மகளோடு இரண்டு நாள் நான் கதைக்கவில்லை. பிறகு உங்கள் கடிதத்தை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னேன். நீங்கள் சொன்னபடி பொய்க்கு மட்டும் ஏசினேன். உங்கள் மகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?"

அம்மா அடுப்பை அணைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எழுது பிள்ளை. சாப்பிடுறாள்தான். ஆனா காலமையில ஒண்டும் வாயில வைக்கிறேல்லை. நான் சொன்னாக் கேக்கிறாளில்லை. நீங்கள் ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ."

"பேர் வந்தாப் பிறகு எழுதுவமே, அம்மா?"

"பேர் வரேக்க வரட்டும். நீ எழுது."

காலைச் சாப்பாட்டு வரியை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விடவில்லை.