ஜாபிரின் சட்டைகளைப் போடாதே

அன்பு மகள் வெதாத்துக்கு, இறைவன் காவலில் இங்கே மின்யாவில் மூவரும் நலம், நீயும் மருமகனும் உன் வயிற்றில் இருக்கும் ஏழு மாதத்துக்காரனும் ஹாம்பர்க் குளிரில் நலமாயிருக்க வேண்டும். போனில் ஏன் ரெண்டே வார்த்தையில் முடித்துக்கொள்கிறாய் என்று கேட்டாயே, போன் உன் அப்பாவுடையது, நான் பேசி முடிக்கும்வரை பக்கத்தை விட்டு அசைய மாட்டார், அதனால்தான் இந்தக் கடிதம். ரொட்டி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்து இன்னொருவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன மாதம் நாங்கள் அனுப்பிய பெட்டியில் இருக்கும் குட்டிச் சட்டைகளைப் பிள்ளைக்குப் போடாதே. அவை உன் அண்ணன் ஜாபிருடையவை, இருபத்தெட்டு வருஷம் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தேன். அப்பா அள்ளிக் கட்டிய ஃபூல் பயறையும் தூக்கிப் போடு, பால் மறக்கடிக்கும் வரை நீயும் தின்னாதே. எனக்குப் புத்தி பிசகவில்லை. பெட்டி போன பிறகு பக்கத்து வீட்டு சபாஹ்வின் கைக்குழந்தை மஞ்சள் பூத்துப்போக, ஆஸ்பத்திரிக்கு நானும் துணைக்குப் போனேன். டாக்டரம்மா அவளிடம் எடுத்த எடுப்பில், "ஃபூல் சாப்பிட்டியாம்மா? பிள்ளைக்கு மூத்திரம் டீ மாதிரி போகுதா?" என்று கேட்டார். ஜாபிருக்கு அப்படித்தான் போனது. வசந்தத்தில் வந்த முதல் பச்சை ஃபூலை உரித்து மசித்து எண்ணெய் விட்டு நான்தான் ஊட்டினேன், இன்னும் இன்னும் என்று வாயைத் திறந்தான், மூன்றாம் நாள் இல்லை.

ஜாபிர் போன கதையைச் சொன்னதும் என் ரத்தத்தையும் சோதித்தார்கள். "இது ரத்தத்துல இருக்கற குறை, உங்க வழியா வருது. பேரனுக்கு வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும் பயப்படாதீங்க, பயறு, பாச்சை உருண்டை, சில மாத்திரை, இதெல்லாம் அண்டாம பாத்துக்கிட்டா நல்லா வாழுவான்" என்றார் டாக்டரம்மா. அந்தச் சோதனைச் சீட்டை உன் அப்பா அடுப்பில் போட்டார். "பெருநாள் கழிச்சு நஜ்லாவுக்குக் கல்யாணம். வாயத் தொறந்த, மாப்பிள்ளை வீட்டுக்காரன் திரும்பிப் பாக்காம போயிடுவான்" என்கிறார். உன் தங்கை திரைச்சீலை தைத்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்கும் இது இருக்கலாம், அவளுக்கே தெரியாது. நான் வாயைத் திறந்தால் அவள் கல்யாணம் போகும், மூடினால் உன் பிள்ளை போவான். நம் வீட்டுக்குள் மூச்சு முட்டுகிறது வெதாத், எந்தப் பக்கமும் வழியில்லை. பிறந்ததும் ரத்தம் பார்க்கச் சொல், அண்ணன் போன விதத்தையும் அங்கே டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்.

இது யார் வீடு தெரியுமா, உன் ரத்தீபா அத்தை வீடு. ஜாபிரைப் பார்த்து, "என்ன கொழுகொழுன்னு இருக்கான்!" என்று மாஷா அல்லாஹ் சொல்லாமல் சொல்லிவிட்டாள், அவள் கண்பட்டுத்தான் போனான் என்று நான் ஊர் முழுக்கச் சொன்னேன். அன்றிலிருந்து பிள்ளை பெற்ற எந்த வீட்டிலும் அவளை உள்ளே விட்டதில்லை. இன்று வாசலில் நின்று உண்மையைச் சொன்னேன். "உன் கரண்டி செஞ்சதுக்கு என் கண்ணத் தூக்குல போட்டியேடி இன்ஸாஃப்" என்றாள். நான் அழுதேன். திட்டிக்கொண்டே காகிதம் எடுத்துக் கொடுத்தாள், தானே தபாலில் சேர்ப்பதாகவும் சொன்னாள்.

சுகப்பிரசவம் ஆகட்டும், நீயும் பிள்ளையும் நீண்ட காலம் வாழ வேண்டும். நஜ்லாவிடம் என்றைக்காவது நான்தான் சொல்ல வேண்டும், அதற்குத் தைரியம் வர எனக்காக வேண்டிக்கொள். போனில் இதைப் பற்றி மூச்சு விடாதே, பதிலை அத்தை முகவரிக்குப் போடு. உறை ஒட்டும்முன் அத்தை உன்னைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும் என்றாள். மூன்று தடவை மாஷா அல்லாஹ் சொன்னாள், அதற்கப்புறம்தான், "பையனாமே?" என்று மெல்லக் கேட்டாள்.

உன் அம்மா,
இன்ஸாஃப்